ரொட்டி விலை தெரியாத இருவர்

விதின், பல்கேரியா, அக்டோபர் 19

என் பிலியானா கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் ஒக்னியான் மாமாவும் சுகம், லைப்சிக்கில் நீயும் இருமல் விட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று மாதமாக அம்மா ஏன் எழுதவில்லை என்று மாமாவிடம் கேட்டாயாம். தீர்ப்புக்கு முன் எழுதினால் பக்கம் பக்கமாக என் பயம்தான் வரும், நீ படிப்பை விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவாய், அதனால்தான். இப்போது எழுதலாம். ஜெயித்துவிட்டேன். உன் அப்பா போன துக்கத்தில் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சொந்தமாக முடிவெடுக்கத் தகுதியில்லாதவள் என்று எழுதி மாமாவை எனக்குப் பாதுகாவலராகப் போட்டார்களே, அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். மேல்முறையீட்டுக் கெடுவும் முந்தாநாளோடு முடிந்தது.

அப்போது நீ சின்னப் பெண், உனக்கு முழுசாகத் தெரியாது. அந்த நீதிபதி ரொட்டி என்ன விலை என்று கேட்டார், தெரியாது என்றேன், வீட்டில் சுடுகிறவளுக்குக் கடை ரொட்டி விலை எப்படித் தெரியும், அதைச் சொல்வதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ரொட்டி விலைகூட அறியாதவர் என்று உத்தரவில் ஏறிவிட்டது, பொருளாதாரத்தில் பட்டம் வாங்கினவளைப் பற்றி. அந்த ஒரு வரிக்கு ஆறு வருஷம். பதினேழு வயதில் நீ வெளிநாடு கிளம்பினபோது சம்மதம் எழுதித் தந்தது மாமா, நான் உன் கோட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

இந்தத் தடவை சோஃபியாவிலிருந்து மனநல உரிமைச் சங்கத்தார் வந்து வழக்கை எடுத்துக்கொண்டார்கள். வக்கீல் கலினா, உன்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள். ஃபீஸ் வாங்கவில்லை, அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் விசாரணைக்கு முந்தின நாள், கேள்விக்கெல்லாம் பதில் சொல்லாதீங்கக்கா, இது என்னை அவமானப்படுத்துற கேள்வின்னு மட்டும் சொல்லுங்க என்றாள். தோற்றுவிடுவேனே என்றேன். தோத்தா இன்னும் நல்லதுக்கா, ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமைக் கோர்ட்டு வரைக்கும் கொண்டுபோகலாம், உங்க பேர்லயே ஒரு தீர்ப்பு இருக்கும் என்றாள். எத்தனை வருஷம் ஆகும் என்றேன். அஞ்சாறு ஆகும் என்றாள், காபியைக் கலக்கிக்கொண்டே. கோர்ட்டு என்னைக் கேட்காமல் முடிவு செய்தது, இவர்களும் கேட்கவில்லை, சிரித்த முகமாகச் செய்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

மறுநாள் புது நீதிபதி, என் வயதுப் பெண், அவரும் அதே ரொட்டி விலையைத்தான் கேட்டார். கலினா என் முழங்கையைத் தொட்டாள். பாடம் பண்ணின வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். தெரியாதுங்க, வீட்ல சுடுறேன், மாவு விலை ஈஸ்ட் விலை வேணா கேளுங்க என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாமா பக்கம் திரும்பி, பாதுகாவலர் சொல்லுங்க, என்ன விலை என்றார். மாமா என்னைக் காட்டி, இவ சுட்டுக் குடுக்கிறதைத்தாங்க நானும் திங்கிறேன் என்றார். அப்போ உங்களுக்கும் ஒரு பாதுகாவலர் போட்டுடலாமா என்று கேட்டாரே பார்க்கணும், மாமாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் நிஜமான கேள்விகள். மாத்திரை எப்போது போடுகிறேன், தூக்கம் கெட்டால் யாரிடம் போவேன் என்று. இப்போதும் சில நாட்களில் பயம் வருவதுண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

தீர்ப்பு வந்ததும் கலினா போனில், வாழ்த்துகள்க்கா, ஆனா ஒரு நல்ல கேஸ் போச்சு என்றாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கோர்ட்டும் அந்த ஆறு வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆனாலும் நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன். உன்னை அதட்டுற அதிகாரம் இருந்தப்ப ஒரு நாளாவது அதட்டியிருக்கணும்டி என்று மாமா என்னிடம் புலம்புகிறார்.

ஈரத்தலையோடு வெளியே போகாதே. சங்கத்திலிருந்து தங்கள் பிரசாரத்துக்கு என்று உன் போட்டோ கேட்டுக் கூப்பிட்டால், அம்மாவையே கேளுங்கள் என்று சொல்லிவிடு, மறக்காதே. டிசம்பர் முதல் வாரம் அங்கே வருகிறேன். டிக்கெட் வாங்கியாயிற்று, யாரையும் கேட்கவில்லை, உன்னையும்தான். பரீட்சை இருந்தால் நீ உன் பாட்டுக்குப் படி, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

தேவமாதா உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா
ஸோர்னிட்சா