இரண்டாவது வரிசையில் ஒரு முகம்

பிப்ரவரி 10

வகுப்புப் படம் பிரிண்ட் ஆகி வந்துவிட்டது. படம் எடுத்த அன்று வாயாடி வரவில்லை. (மூச்சு விடாமல் பேசுவாள், அதனால் நான் வைத்த பெயர்.) பார்த்தால் அழுவாளே என்று, பள்ளியில் வாங்கிய புது ஏஐ படக் கருவியில் அவள் பழைய போட்டோவைக் கொடுத்து இரண்டாவது வரிசையில் நிற்க வைத்துவிட்டேன். அச்சு அசல் அவள்தான். ஹாலில் மாட்டி, பெற்றோர் குரூப்பிலும் போட்டாயிற்று. தலைமையாசிரியை அசந்துபோனார்! வகுப்பில் ஏஐயைப் பயன்படுத்துவது பற்றிய வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் நானும் பேச வேண்டுமாம். டிராயிங் மாஸ்டர் மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை போய்விடும் என்று பயம், பாவம்.

பிப்ரவரி 12

வாயாடி இன்றுதான் வந்தாள். இடது கையில் மாவுக்கட்டு. வாயே திறக்கவில்லை. படத்தைக் காட்டினேன், உதடு துடித்தது. ஆசையாகச் செய்தேனே, ஏன்?

பிப்ரவரி 13

அவள் அம்மா வந்தார். கை உடைந்தது படம் எடுத்த அன்றுதானாம். அன்று அவர் வேலையாக வெளியூரில். பள்ளியில் விழுந்துவிட்டாள் என்று கணவர் சொன்னாராம்.

"இவ என்னடான்னா, அன்னிக்கு ஸ்கூலுக்கே போகல, அப்பாதான் கையை முறுக்கினார்னு சாதிக்கிறா மிஸ். ஆடிப்போயிட்டேன். நல்லவேளை, உங்க போட்டோல நிக்கிறாளே! பொய் வேற சொல்றியான்னு ரெண்டு வச்சேன்."

"அப்படியா" என்றேன். அப்படியா! வேற வார்த்தையே கிடைக்கலையா உனக்கு?

தலைமையாசிரியையிடம் ஓடினேன். "வாயைத் திறக்காதீங்க. ஸ்கூல் பேர் என்னாகும்? நீங்க இன்னும் பெர்மனென்ட் கூட ஆகல."

சாயங்காலம் அவளைக் கூட்டிப் போக அப்பா வந்தார். "போட்டோ சூப்பர் மிஸ்" என்று சிரித்தார். அவள் கையைப் பிடித்தார். நல்ல கையை.

பயமாக இருக்கிறது. அவரை நினைத்தா, வேலையை நினைத்தா? ரெண்டும்தான்.

பிப்ரவரி 14

காலையில் முதல் வேலையாக அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, படத்தில் அவளை நான் செருகியதைச் சொல்லிவிட்டேன். "அப்ப நான் அவளை அடிச்சேனே மிஸ்…"

கூட்டம். காலத்தோடு ஓட வேண்டும் என்றார் கம்ப்யூட்டர் சார். பிள்ளைகளின் கற்பனை செத்துவிடும் என்றார் சயின்ஸ் டீச்சர். என் முறை வந்தது. அசலும் மாற்றியதுமாக இரண்டு படத்தையும் திரையில் போட்டு, செய்ததைச் சொன்னேன். தலைமையாசிரியை என்னைப் பார்க்கவே இல்லை.

பிப்ரவரி 17

விளக்கம் கேட்டு மெமோ. வேலை நிலைக்குமா, தெரியவில்லை.

பிப்ரவரி 24

ஹாலில் இப்போது அவள் இல்லாத அசல் படம். வாயாடியைச் சித்தி கொண்டுவந்து விட்டார். அம்மாவும் அவளும் இனி சித்தி வீட்டில்தானாம். அப்பா வந்தால் உள்ளே விடக் கூடாது என்று வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனாலும் கேட்டைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

படத்தின் முன் நின்று ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் போனாள். நான் அவளைச் செருகிய இடத்தில் வெறும் சுவர். விரல் அங்கே நின்றது. பிறகு திரும்பி, ஹால் முழுக்கக் கேட்கும்படி:

"நான் அன்னிக்கு வரலன்னு சொன்னேன்ல!"