பத்தே நிமிடம்

ஏப்ரல் 4
என் பேரரசில் (பேருந்து நிலையம்: ஆறு நடைமேடை, ஒரு ஒலிபெருக்கி) இன்று காலையிலேயே கலகம். பயணிகள் வண்டியில் ஏறாமல் கதை பேசி நின்றார்கள். "இதுதான் கடைசி வண்டி, விட்டால் நாளைக்குத்தான்!" என்று ஒரு முழக்கம் விட்டேன். ஒரு லட்சம் பேர் ஏறினார்கள். (முப்பத்தெட்டு.) அடுத்த வண்டி கால் மணியில் என்பது எனக்கும் ஓட்டுநருக்கும் மட்டும் தெரிந்த ராஜ ரகசியம். இருபது வருடமாக நிலையம் இந்தப் பொய்யில்தான் ஓடுகிறது.

மலைக்கோயில் விழாவுக்கு மைக் பிடிக்க என்னையே கூப்பிட்டிருக்கிறார்கள். விழாக்குழுச் செயலாளர் நேரில் வந்தார். "உங்க தொண்டை இருந்தா போலீஸே வேணாம்" என்றார். மறுக்கவில்லை. உண்மையை எதற்கு மறுக்க வேண்டும்?

ஏப்ரல் 11
நாளை விழா. தங்கையும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். மாப்பிள்ளை போனில், "நீங்க மைக்க புடிச்சா சாமியே எந்திரிச்சு வந்துரும் மச்சான்" என்றார். நான் அளப்பதையெல்லாம் நம்பும் ஒரே ஜீவன்.

ஏப்ரல் 12
எழுத வரவில்லை.

ஏப்ரல் 13
இருபத்து மூன்று பேர். ஆஸ்பத்திரிச் சுவரில் இறந்தவர் பட்டியல். மாப்பிள்ளை பதினேழாவது வரி.

ஏப்ரல் 15
சாப்பிட்டேன். தங்கை வீட்டில் வாடகை நாற்காலிகளை அடுக்கினேன். மறுபடி பிரித்து அடுக்கினேன்.

ஏப்ரல் 16
எழுதித்தான் ஆகவேண்டும். படிக்கட்டில் வரிசை நகரவில்லை. "கீழ வந்துட்டே இருக்காங்க, ஆளுங்கள நகத்துங்க" என்றார் செயலாளர். மணி பதினொன்று இருபது. நடை சாத்துவது ஒரு மணிக்கு. வாய் தானாகச் சொன்னது: "பக்தர்களே, இன்னும் பத்தே நிமிடம், நடை சாத்தப்படும்." கீழே நின்றவர்கள் ஒரே மூச்சாக ஏறினார்கள். இறங்கியவர்களுக்கு வழியில்லை. கம்பித் தடுப்பு சாய்ந்தது. "மெதுவா, மெதுவா" என்று கத்தினேன் — அதை யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 19
செயலாளர் வந்தார். "விசாரணையில தடுப்பு ஒடஞ்சதுன்னு மட்டும் சொல்லுங்க. ஒடஞ்சது நிஜந்தானே? அந்தக் கூச்சல்ல நீங்க பேசுனது யார் காதுல விழுந்திருக்கும்?" காபி குடித்தார், போனார்.
வராத வண்டியை வரும் என்றும், வரும் வண்டியை வராது என்றும் சொன்ன வாய். இதைச் சொல்லாதா? சொல்லும். சொல்லிவிடுமா?

ஏப்ரல் 21
ஒன்பது நாள் கழித்துத் தங்கை என்னிடம் பேசினாள். "உன் குரல் கேட்டுச்சுண்ணே. 'உங்கண்ணன் சொல்றாரு, வா வா'ன்னு என் கையப் புடிச்சு இழுத்தாரு."
பிறகு துணி மடித்தாள். அவள் அழவில்லை. நானும் அழவில்லை.

ஏப்ரல் 22
மழை.

ஏப்ரல் 27
விசாரணை. அந்த ஒரு வாக்கியத்தை மைக்கில் சொன்னபடியே சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.
"நடை சாத்துறது எத்தனை மணிக்கு?"
"ஒரு மணிக்கு."
"அது தெரிஞ்சேவா சொன்னீங்க?"
"தெரிஞ்சேதான்."
கையெழுத்துப் போட்டேன்.
வெளியே பெஞ்சில் தங்கை. சாட்சிகளில் அடுத்தது அவள்.
"சொல்லிட்டியா?"
"ம்."
"நீ சொல்லலேன்னா நான் சொல்லியிருப்பேன்."
எழுந்தாள். கைப்பையைப் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை. என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.