மூன்றடுக்கு அட்டை

27 பிப்ரவரி 2025, வியாழன்

ஆண்டு முடிவுகள் வந்துவிட்டன. காலை பதினொரு மணிக்கு எல்லாரையும் கேன்டீனுக்கு வரச் சொன்னார்கள். மூன்று வருடமாகத் தேய்ந்துகொண்டே வந்த லாபம் இந்த முறை நஷ்டமாகிவிட்டது. தலைவர் குவா வாயிலிருந்து நஷ்டம் என்ற சொல் மட்டும் வரவில்லை. 'சவாலான ஆண்டு' என்றார். ஏழு தடவை. எண்ணினேன், வேறு வேலை இல்லை.

சிங்கப்பூரின் இந்த ஆங் மோ கியோ தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக அட்டைப்பெட்டிகளை நசுக்குகிறேன். அதற்குத்தான் சம்பளம். பெட்டியை இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் வைத்து, எவ்வளவு பாரத்தில் உட்கார்ந்துவிடுகிறது என்று பார்த்து, தேறினால் கையெழுத்துப் போடுவேன். சவாலான பெட்டி என்று எதைப் பற்றியும் எழுதியதில்லை. தேறும், அல்லது தேறாது.

பிறகு மீட்புத் திட்டத்தை அறிவித்தார்கள். பெயர் 'லைட்டர், ஸ்ட்ராங்கர்'. எடை குறையக் குறைய பலம் கூடுகிற பெட்டியை நான் இன்னும் பார்த்ததில்லை. பார்த்தால் கும்பிட்டுக்கொள்ளலாம். திட்டத்தை நடத்த ஜெய் என்று ஒருவரை எடுத்திருக்கிறார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்த நம்ம பிள்ளை. கால்சட்டை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. அங்கேயே சிக்கனம்.

4 மார்ச், செவ்வாய்

கேன்டீனில் பிஸ்கட் நிறுத்தம். கழிப்பறையில் கை துடைக்கத் தாள் இல்லை. தாள் கம்பெனியில். வரவேற்பறைச் செடிகள் போய்விட்டன. அவை வாடகைச் செடிகள் என்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

என் கூடத்தில் ஈர அறையை அணைத்துவிட்டார்கள். ஒரு பெரிய அலமாரி அளவுதான் அது. நம் ஊர்க் கிடங்குகளின் புழுக்கத்தை உள்ளே உண்டாக்கி, பெட்டியை இரண்டு நாள் வைத்திருந்து, அப்புறம் நசுக்கிப் பார்ப்போம். ஈரம் குடித்த அட்டை பாதி பலத்தை இழந்துவிடும். அது மின்சாரம் அதிகம் இழுக்கிறதாம். தலைவர் அறையை ஐஸ்பெட்டி மாதிரி வைத்திருக்கிறார்களே, அது காற்றில் ஓடுகிறது போல.

11 மார்ச், செவ்வாய்

ஜெய் கூடத்துக்கு வந்தார். கூட்டங்களில் நான் 'வைதேகி'. காரியம் இருந்தால் 'அக்கா'. இன்று உள்ளே நுழையும்போதே அக்கா.

சாஸ் கம்பெனிப் பெட்டியை ஐந்தடுக்கிலிருந்து மூன்றடுக்காக்க வேண்டுமாம், அதாவது அட்டையில் ஐந்து தாளுக்குப் பதில் மூன்று. அந்த ஒரு பெட்டிதான் எங்கள் உற்பத்தியில் கால்வாசி. உள்ளே பன்னிரண்டு கண்ணாடிப் புட்டிகள். கிடங்கில் ஏழு உயரத்துக்கு அடுக்குவார்கள், பெட்டி மேலேயே அப்படி அச்சிட்டிருக்கிறோம்.

"சாதாரண டெஸ்ட்ல பாஸ் ஆகுதுல்ல அக்கா?"

"இந்த ஏர்கான் ரூம்ல பாஸ் ஆகும். அவங்க கிடங்குல ஏர்கான் இல்ல. ஈர அறைய திறந்து விடுங்க, ரெண்டு நாள்ல சொல்றேன்."

"கஸ்டமர் அந்த டெஸ்ட்ட கேக்கவே இல்லையே லா."

"கேக்க மாட்டாங்க. அவங்களுக்கு சாஸ்தான் தெரியும். பெட்டி நமக்குத்தான் தெரியணும்."

சிரித்தார். நல்ல பற்கள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

13 மார்ச், வியாழன்

ஆட்குறைப்புப் பட்டியலில் சாதியாவின் பெயர். ஜெய்தான் தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார், தற்செயலாகக் காட்டுவதுபோல.

சாதியா என்னோடு ஒன்பது வருடம். ஒரு பெட்டியின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தியே எத்தனை அடுக்கு, எந்த ஆலைத் தாள் என்று சொல்வாள். மூன்று பிள்ளைகள், கணவருக்கு டயாலிசிஸ். ஜெய்க்கு அதெல்லாம் தெரியாது. அவருக்கு அவள் 'ஒரு ஹெட்'. அப்படித்தான் எழுதியிருக்கிறது. மாட்டுச் சந்தை மாதிரி தலை எண்ணுகிறார்கள்.

"சாஸ் ப்ராஜெக்ட் நேரத்துக்கு முடிஞ்சா டெஸ்டிங் டீம நான் தொட மாட்டேன் அக்கா. ப்ராமிஸ்."

மிரட்டலைக்கூட இவர்களால் நேராகச் செய்ய முடியவில்லை. அதற்கும் ஒரு ரிப்பன் கட்ட வேண்டும்.

14 மார்ச், வெள்ளி

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

16 மார்ச், ஞாயிறு

தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போனோம். வாவல் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "நேத்து மீனு" என்று கடைக்காரரிடம் வாதாடினேன். கையெழுத்து விஷயம் தெரிந்த ரமணன் பக்கத்தில் நின்றபடி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மீன மட்டும் இவ்ளோ பாக்கற" என்றார். இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் இந்த மனிதர் சொன்ன மிகக் கூர்மையான வாக்கியம் அதுதான். மீனை வாங்காமலே திரும்பினோம்.

ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினேன். தப்பா? பெட்டி என்ன, சரிந்தால் நாலு புட்டி உடையும். சாஸ் கொட்டும். துடைத்துவிட்டுப் போகிறார்கள்.

31 மார்ச், திங்கள்

நோன்புப் பெருநாள். சாதியா வீட்டில் பிரியாணி. அவள் கணவர் மெலிந்துபோன கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ வேல நிலைச்சது உங்களாலதான்னு சொல்றா" என்றார். அவளிடம் யார் சொன்னது? நான் சொல்லவில்லை. ஜெய்யாகத்தான் இருக்கும். எல்லாருக்கும் நல்லவனாகப் பார்க்கிறான்.

8 ஏப்ரல், செவ்வாய்

நாலு நாளாக விடாத மழை. மத்தியானம் சாஸ் கம்பெனியிலிருந்து போன். அவர்கள் கிடங்கில் பெட்டி வரிசை ஒன்று சரிந்துவிட்டது. மூன்றடுக்குப் பெட்டி. கீழ் வரிசை நசுங்கி மொத்தமும் ஒருத்தர் மேல் விழுந்திருக்கிறது. முத்தையா என்று பெயராம். தமிழ்நாட்டுப் பிள்ளை. கால் இரண்டு இடத்தில் முறிவு, கண்ணாடி கிழித்து நரம்பும் போயிருக்கிறது.

நாலு புட்டி உடையும் என்று எழுதி வைத்திருக்கிறேன். மேலே இருக்கிறது. கிழிக்கப் போவதில்லை. இருக்கட்டும்.

10 ஏப்ரல், வியாழன்

நம் கம்பெனியின் கடிதம் சாஸ் கம்பெனிக்குப் போயிருக்கிறது. என் சான்றிதழையும் இணைத்திருக்கிறார்கள். 'முறையாகப் பரிசோதிக்கப்பட்ட பெட்டி. அளவுக்கு மீறி அடுக்கியதே காரணமாக இருக்கலாம்.' இருக்கலாம். என்ன அழகான சொல். ஆளைத் தள்ளிவிட்டு, விழுந்திருக்கலாம் என்பது போல.

மாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். முத்தையாவுக்கு முப்பது, முப்பத்தொன்று இருக்கும். அறந்தாங்கிப் பக்கம். காலில் கம்பிகள். போனில் யாருக்கோ "லேசான அடிதான்" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்றேன்.

"யாருக்கா நீங்க? கோயில்லேர்ந்து வர்றீங்களா?"

"இல்ல. அந்தப் பெட்டி நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நான்தான்."

முகத்தில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ஏழுதான்க்கா அடுக்குனேன். எட்டுன்னு சூப்பர்வைசர் எழுதிட்டாரு. உங்க கம்பெனி லெட்டர வேற காட்டுறாரு. கால் தேறுனதும் ஊருக்கு அனுப்பிடுவாங்களாம். என் மேல தப்புன்னு ஆயிட்டா மறுபடி வொர்க் பெர்மிட் கெடைக்காதுங்குறாங்க."

"ஏழுதானே?"

"ஏழுதான்க்கா. எண்ணத் தெரியாதா எனக்கு?"

20 ஏப்ரல், ஞாயிறு

பெரிய வெள்ளி விடுமுறை நாளில் தொழிற்சாலைக்குப் போனேன். ஈர அறையின் மெயின் சுவிட்சைப் போட்டேன். மூன்றடுக்குப் பெட்டிகள் பத்தை உள்ளே வைத்தேன். சாதியாவைக் கூப்பிடவில்லை. அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது என்று யார் கேட்டாலும் சொல்ல வேண்டும், அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

இன்று எடுத்து நசுக்கினேன். ஏழு உயரத்துக்கு ஆறு பெட்டிகளின் பாரத்தைக் கீழ்ப் பெட்டி தாங்க வேண்டும். பத்தில் ஒன்றுகூடத் தாங்கவில்லை. மூன்று பெட்டிப் பாரத்திலேயே இடுப்பு மடிந்துவிட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஈரத்துணியை உதறுகிற மாதிரி ஒரு சத்தம்.

மார்ச் மாதமே செய்திருக்கலாம். இரண்டு நாள். ஒரு சுவிட்ச். அவர்களைத் திட்டி இத்தனை பக்கம் எழுதியவளுக்கு ஒரு சுவிட்சைப் போட முடியவில்லை.

29 ஏப்ரல், செவ்வாய்

பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டம்.

போன வருடம் வரை ஹோட்டலில் நடக்கும், பஃபே இருக்கும். இந்த வருடம் எங்கள் கேன்டீனிலேயே. ஆளுக்கு ஒரு கறிபஃப், ஒரு பாக்கெட் பார்லித் தண்ணீர். மிச்சத்தைக் கட்டிக்கொண்டு போக டப்பாவோடு வந்திருந்த பெரியவர்கள் கொதித்துப்போனார்கள். முதல் கேள்வி கறிபஃப் பற்றி. இரண்டாவது கேள்வியும். நஷ்டம் பற்றி யாரும் கேட்கவில்லை. தலைவர் குவா முகத்தில் அப்படியொரு நிம்மதி. இந்தக் கூட்டத்தை நம்பித்தான் ஒரு கம்பெனி நாணயமாக நடக்க வேண்டுமாம்.

இருபது வருட சேவைக்கு எனக்குக் கொஞ்சம் பங்கு கொடுத்திருந்தார்கள். அந்த உரிமையில் வரிசையில் நின்று மைக்கை வாங்கினேன். ஜெய் மேடையிலிருந்து என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். அக்கா திட்டத்தைப் பாராட்டப் போகிறாள் என்று நினைத்திருப்பார்.

ஆங்கிலத்தில் பேசினேன். சாஸ் பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டது நான். ஈரப் பரிசோதனை செய்யாமல் போட்டேன். இப்போது செய்துவிட்டேன். பத்தில் பத்தும் தேறவில்லை. கிடங்கில் அடிபட்டவர் அதிகமாக அடுக்கவில்லை. நம் கடிதம் தவறு. அதைத் திரும்பப் பெறுவீர்களா?

கறிபஃப் தின்கிற சத்தம் நின்றது. தலைவர் ஜெய்யைப் பார்த்தார். ஜெய் மேசையைப் பார்த்தபடியே மைக்கை எடுத்தார்.

"தேங்க் யூ, வைதேகி. நாம இத ஆஃப்லைனா பேசுவோம்."

"பேசலாம். ஆனா ரிப்போர்ட்ட காலையிலயே சாஸ் கம்பெனிக்கும் மனிதவள மினிஸ்ட்ரிக்கும் அனுப்பிட்டேன்."

போய் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த சீனப் பெரியவர் தன் கறிபஃப்பில் பாதியைப் பிட்டு நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

30 ஏப்ரல், புதன்

கம்பெனி ரகசியத்தை வெளியே கொடுத்தேன் என்று பணியிடை நீக்கம். ஜெய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சாதியாவ நெனச்சுப் பாத்தீங்களா?"

"நெனச்சுத்தான் மார்ச்ல கையெழுத்துப் போட்டேன். அதுல என்ன ஆச்சுன்னு பாத்துட்டோம்ல."

வீட்டுக்கு வந்து குளித்தேன். ரமணன் தோசை வார்த்தார். வட்டமாக வரவில்லை.

2 மே, வெள்ளி

சாதியா போனை எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்துப் பார்த்தேன். நியாயம்தான்.

23 மே, வெள்ளி

ராஜினாமாவாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தேன். அவர்களுடைய பரிவாம். சாஸ் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். முத்தையா மேல் தப்பில்லை என்று எழுத்தில் வந்துவிட்டது. செய்தி சொல்ல அவரே கூப்பிட்டார். "கால் கொஞ்சம் இழுக்கும்னு டாக்டர் சொல்றாருக்கா." அவ்வளவுதான் சொன்னார். நன்றி என்றும் சொன்னார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

9 ஏப்ரல் 2026, வியாழன்

இந்த வருட ஆண்டறிக்கை வீட்டுக்கு வந்தது. பங்குகளை இன்னும் விற்கவில்லை. வாங்கவும் ஆள் வேண்டுமே.

நஷ்டம் இரண்டு மடங்கு. ஜெய் 'பிற வாய்ப்புகளை நாடி' போய்விட்டாராம். ரமணனுக்குத் தெரிந்தவர் சொல்கிறார், இப்போது ஒரு முதியோர் இல்லத்தைச் சீரமைக்கிறாராம். பெரியவர்கள் போர்வையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். சாஸ் பெட்டி மறுபடியும் ஐந்தடுக்கு. ஆனால் அதைத் திரும்பிப் போனதாகவா எழுதுவார்கள்? 'வெப்பமண்டலத்துக்கென்றே உருவாக்கிய புதிய தலைமுறைப் பெட்டி.' இருபது வருடப் பழைய பெட்டிக்கு முழுப் பக்கப் படம். எதிர்ப் பக்கத்தில் ஈர அறை, பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு சாதியா. 'பரிசோதனைப் பிரிவுத் தலைவர்.' ஈரப் பரிசோதனை கட்டாயம் என்று சாஸ் கம்பெனி பிடிவாதமாக நின்றதால் அவளை அனுப்ப முடியவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். தலைவரானது தெரியாது. கோட்டு அவளுக்குக் கொஞ்சம் பெரிது.

நான் இப்போது ஜூரோங்கில் ஒரு சின்னப் பரிசோதனை நிலையத்தில் வாரத்துக்கு மூன்று நாள் பெட்டி நசுக்குகிறேன். கையெழுத்துப் போடுவது வேறொருவர்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன். சாதியா. பதினோரு மாதத்துக்குப் பிறகு. நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வது மாதிரி ஆரம்பித்தாள்.

"அக்கா, பிஸ்கட் கம்பெனிக்கு ஒரு புதுப் பெட்டி வந்துச்சு. ஈரத்துல நிக்கல. கையெழுத்துப் போடாம திருப்பி அனுப்பிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல. புது மேனேஜர் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"நாளைக்கு உன் அறைக்கு வருவாங்க. தங்கச்சின்னு கூப்பிடுவாங்க."

"வரட்டும்க்கா" என்றாள். "நாற்காலி போட்டு வச்சிருக்கேன்."