உருமா கட்டுன தலையும் ஒரு மடைத் தண்ணியும்

மரமண்டைன்னே கூப்பிட்டு என்னை வளர்த்த எங்க அப்பாவுக்கு,

அங்கிட்டு நீங்களும் அம்மாவும் சௌக்கியமா? இங்கிட்டு அண்ணன் சௌக்கியமா இல்லை. அந்த நல்ல சேதியைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

படுக்கையில கெடந்தப்ப எத்தனை தடவை கேட்டேன், உயில் எழுதிருவோம்ப்பான்னு? "எம் பிள்ளைகளுக்குள்ள என்னடா பத்திரம்?"னு சிரிச்சீங்க. புருஷனைப் பறிகொடுத்து நம்ம வீட்டுக்கே வந்துட்ட அக்காதானே உங்களுக்குப் பீமூத்திரம் அள்ளுனா? அவளுக்குன்னு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

கருமாதியன்னைக்கு அண்ணனுக்கு உருமா கட்டுனாங்க. மாமன் கட்டிவிட்ட தலைப்பா இன்னும் நேரா நிக்கலை, அதுக்குள்ள அக்காகிட்ட சொன்னான்: "கொள்ளி வச்சவன் நான். வீடும் வயலும் எனக்கு. ஒனக்குத்தான் சீரு செஞ்சாச்சுல்ல, ஆவணிக்குள்ள கெளம்பு."

அக்கா எச்சி எலையும் கையுமா நின்னா. நான்? பத்தாவதை ரெண்டு தடவை எழுதியும் தாண்டாத வீரன், வடையை மென்னுக்கிட்டிருந்தேன். காலேஜ் போற உங்க பேத்தி, எம் மகதான் எங்கிட்டக் கேட்டா: "அத்தைக்கு இல்லைன்னா நாளைக்கு எனக்கும் இல்லையாப்பா?" பாதி வடையை எலையிலயே வச்சுட்டு எந்திரிச்சேன்.

புதுக்கோட்டையில வக்கீலைப் பார்த்தேன். உயில் இல்லைன்னா மகனும் மகளும் சரிசமம், கொள்ளிக்குன்னு தனிப் பங்கு கெடையாதுன்னார். அண்ணனோ அக்கா பேரை விட்டுட்டு வாரிசுச் சான்றுக்கு மனு கொடுத்திருந்தான். வி.ஏ.ஓ. விசாரிக்க வந்தப்ப தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துனேன்: "மூணு பிள்ளைங்க சார்! நடுவுல ஒருத்தி இருக்கா, எழுதுங்க!"

சான்றுல மூணு பேரும் ஏறிருச்சு. பங்கு பிரிக்கையில ரோட்டோரத்தை அண்ணனே கேட்டு வாங்குனான். "பிளாட்டு போடப்போறேன், கெணறு எனக்கெதுக்கு?"னு எழுதியும் கொடுத்தான். வீடும் கெணத்து வயலும் எனக்கும் அக்காவுக்கும். என் பங்கையும் அவ பேருக்கே எழுதிட்டேன். "பைத்தியமாடா ஒனக்கு?"ன்னு அழுதா. பைத்தியமில்லைக்கா, பழிக்குப் பழின்னேன்.

பிளாட்டு பார்க்க ஒரு ஈ வரலை. வேற வழியில்லாம வாழை வச்சான். இப்பக் கன்னு காயுது. நேத்து ஆள்விட்டுக் கேக்குறான், ஒரு மடைத் தண்ணிக்கு. "கன்னு என்ன பாவம் பண்ணுச்சு தம்பி?"ங்குறா அக்கா. உங்க மகதானே!

எனக்கு எளகலைப்பா. சத்தியமாச் சொல்றேன். அதே தலைப்பாவைக் கட்டிக்கிட்டு அக்கா வாசல்ல நின்னு, "தங்கச்சி, தண்ணி குடு"ன்னு அவன் வாயாலயே கேக்கணும். அதுவரைக்கும் மோட்டார் ரூம் சாவி என் அரணாக்கயித்துலதான் தொங்கும். கேட்டுட்டான்னா, வாழை முங்க முங்க நானே பாய்ச்சுறேன்.

இப்படிக்கு,
சாவியும் கையுமா இருக்கும் உங்க கடைசி மகன்,
மரமண்டை