இரும்பு ராடு – ஒன்று

9.1.2018, செவ்வாய்

ஏழு மாதம் கழித்து இன்று வண்டி வீட்டுக்கு வந்தது. போன ஜூனில், எங்கள் ஊர் வயலுக்குள் கம்பெனிக்காரன் எண்ணெய்க் குழாய் பதிக்க வந்தபோது மறியல் செய்தோமே, அன்று போலீஸ் ஸ்டேஷனுக்கு ஏற்றிக்கொண்டு போனது. மழையிலும் வெயிலிலும் வேப்பமரத்தடியில் கிடந்திருக்கிறது. சீட்டில் காக்காய் எச்சம், டேங்கில் துரு. கையெழுத்து வாங்கிக்கொண்ட ஏட்டு, "எடுத்துட்டுப் போங்க, நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வீட்டு வண்டியை இப்படிப் போட்டு வைப்பாரா?

2002 மாடல் க்ரூசர். காலை முன்னால் நீட்டி, சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுவது. மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவனுக்கு எதற்கு இந்த ஜமீன்தார் வண்டி என்று ஊரே கேலி செய்தது. செய்யட்டும். ஒரு நாளைக்கு எண்பது கிலோமீட்டர் சுற்றுகிறவனுக்குத்தான் இடுப்பு வலி தெரியும்.

ஸ்டார்ட் ஆனது. ஆனால் உதறுகிறது.

10.1.2018

சாதாரண உதறல் இல்லை. நாற்பதைத் தாண்டினால் கைப்பிடி இரண்டும் நடுங்குகின்றன. கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றப் போனால் இடது கை விரல்களுக்குப் பட்டன் அகப்படவில்லை. மனைவி கமலவல்லிதான் கழற்றிவிட்டாள். "புது மாப்பிள்ளைன்னு நெனப்பு" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இடது கை. வலது கையாக இருந்தாலாவது பரவாயில்லை. மாட்டின் உள்ளே விட்டுச் சினை பார்ப்பது இந்தக் கைதான். என் படிப்பு, பட்டம் எல்லாம் இதன் விரல் நுனியில் இருக்கிறது.

12.1.2018, வெள்ளி

மன்னார்குடி ரோட்டில் சோதித்துப் பார்த்தேன். ஐம்பதில் போய்க் கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டர் முறுக்கை விட்டேன். உதறல் சட்டென்று நின்றது. வண்டி அதே வேகத்தில் உருண்டுகொண்டுதான் இருந்தது. அப்படியென்றால் சக்கரமில்லை, செயினில்லை. எஞ்சின்தான். நின்ற இடத்தில் முறுக்கினாலும் நடுங்குகிறது.

ஸ்டேஷனில் எவனோ ஓட்டிச் சாகடித்திருக்கிறான். வேறென்ன?

15.1.2018

மாட்டுப் பொங்கல். ஊர் மாடெல்லாம் கொம்பில் வண்ணத்தோடு நிற்கிறது. எனக்கு எரிச்சலாக வருகிறது.

17.1.2018, புதன்

தையல்நாயகி அக்கா வீட்டுச் செவலைக்குச் சினை பார்த்தேன். ஊசி போட்டு எழுபத்தைந்து நாள். ஏற்கெனவே இரண்டு தடவை ஊசி போட்டு நிற்கவில்லை. இந்தத் தடவையும் இல்லையென்றால் வைத்துத் தீனி போட முடியாது, விற்றுவிடுவேன் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். புருஷன் போனபிறகு அவருக்கு அந்தச் செவலையும் ஒரு கிடேரியும்தான்.

முப்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய் இறங்கிய கையோடு பார்த்தேன். விரல் மரத்துப்போயிருந்தது. உறை போட்டதுகூட உறைக்கவில்லை. தடவிப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. "சினை நிக்கலக்கா" என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா டாக்டரே? தீனி எடுக்கறதப் பாத்தா நின்ன மாதிரி இருந்துச்சே."

"இருபது வருசமாப் பாக்குறேன். எனக்குத் தெரியாதா?"

கத்தியிருக்க வேண்டாம். கேள்வி கேட்டால் கோபம் வருகிறது இப்போதெல்லாம்.

23.1.2018, செவ்வாய்

கடைத்தெரு மெக்கானிக் பக்கிரியிடம் விட்டேன். நீளக் கைப்பிடி ஸ்பேனரை வைத்து, கண்ணில் பட்ட போல்டையெல்லாம் ஏறி நின்று முறுக்கினான். "பழைய வண்டின்னா இப்படித்தான்ணே. டைட்டு வெச்சிருக்கேன், ஆடவே ஆடாது" என்றான். கைப்பிடியில் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றியும் கொடுத்தான்.

இப்போது உதறல் கைக்கு மட்டுமில்லை. கால் மிதிக்கும் வந்துவிட்டது, சீட்டுக்கும் வந்துவிட்டது. பல்லெல்லாம் கூசுகிறது. ட்யூபைப் பிய்த்து வாய்க்காலில் எறிந்தேன்.

29.1.2018, திங்கள்

மாட்டு வியாபாரி ஜெக்கரியா போன் பண்ணினார்.

"என்ன டாக்டரே, சினை மாட்டப் போயி சந்தைக்கு அனுப்பிட்டீங்க? தையல்நாயகி அம்மாகிட்ட ஒரு செவல வாங்கினேன். என்கிட்டேருந்து வாங்கினவரு பட்டுக்கோட்டையில டாக்டரை விட்டுப் பாத்திருக்காரு. மூணு மாசச் சினையாம்."

அந்த அம்மாவிடம் மலட்டு மாடு என்று வாங்கியது. வாங்கின இடத்தில் இப்போது கறவைக்கு நிற்கப் போகிறது. நல்லவேளை, கறிக்குப் போகவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். தேறவில்லை. அந்தக் கன்று என் விரலுக்குக் கீழேதான் இருந்திருக்கிறது. என் கைக்குத் தெரியவில்லை.

அந்தப் போலீஸ்காரன் நாசமாய்ப் போக. கம்பெனிக்காரன் நாசமாய்ப் போக. பக்கிரியும்.

ஜெக்கரியாவிடம் என்ன சொன்னேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. "மாடு சில சமயம் அப்படித்தான் ஏமாத்தும்" என்றேன்.

3.2.2018, சனி

முத்துப்பேட்டை ஹபீப் முகம்மது பாய் பட்டறை. முன்பே இங்கே வந்திருக்க வேண்டும். பாய் ஸ்பேனரையே எடுக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, டாக்டர் நெஞ்சைப் பார்க்கிற மாதிரி உள்ளங்கையை ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டு வந்தார். டேங்கு, சட்டம், எஞ்சின் தலை, அடிப்பக்கம். முன்பக்கத்தில், எஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கிற இடத்தில் கை நின்றது.

"எஞ்சின் ஒரு பக்கம் ஆடுது, சட்டம் ஒரு பக்கம் ஆடுது. இந்த போல்ட் யாரு போட்டது?"

கழற்றிக் காட்டினார். பென்சில் மாதிரி ஒரு போல்ட். துளை அதைவிடப் பெரியது. இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய இரும்பு வளையம் ஒன்றுகூட இல்லை. பின்பக்கத்து ரப்பர் புஷ்களோ பக்கிரி முறுக்கின முறுக்கில் அப்பளமாய் நசுங்கியிருந்தன. "ரப்பர் அசையணும். அசைஞ்சாத்தான் அது உதறல வாங்கிக்கும். இப்படி நெருக்கினா எல்லாத்தையும் உங்க கைக்குத்தான் அனுப்பும்" என்றார் பாய்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறியலுக்கு முதல் நாள் ஊர் ஊராய் அறிவிப்புச் செய்ய, வண்டியின் முன்னால் கூம்பு ஒலிபெருக்கி கட்டினோம். அதன் ஸ்டாண்டு நிற்பதற்காக எஞ்சின் போல்டை உருவிவிட்டு, ஒன்றரைச் சாண் நீளத்தில் மரையிட்ட கம்பி ஒன்றைக் குறுக்கே விட்டது நான்தான். பழைய போல்டை எங்கே போட்டேன் என்று யாருக்குத் தெரியும்? போலீஸ் ஸ்டாண்டைக் கழற்றியபோது கம்பியும் வளையமும் சேர்ந்து போயிருக்கின்றன. கையில் கிடைத்ததைச் சொருகிவிட்டார்கள்.

5.2.2018, திங்கள்

வக்கீல் அமிர்தலிங்கத்தைப் பார்த்து, கம்பியைத் திருப்பிக் கேட்க முடியுமா என்றேன். வழக்குக் கட்டைப் புரட்டினார். கைப்பற்றிய பொருட்கள்: ஒலிபெருக்கி – ஒன்று. இரும்பு ஸ்டாண்டு – ஒன்று. இரும்பு ராடு – ஒன்று.

"இந்த ராடைக் காட்டி அதிகாரிங்கள மிரட்டினதா உங்க மேல எழுதியிருக்கு."

என் வண்டியின் எஞ்சினைத் தாங்கிக்கொண்டிருந்த கம்பி. அதில் எண்ணெய்ப் பிசுக்குகூட இருக்கும், முகர்ந்து பார்க்கலாமே. மூன்று போகம் விளைந்த மண்ணைத் தோண்டினவன் மேல் வழக்கில்லை. நான் ஆயுதம் வைத்திருந்தேனாம். மேஜையில் குத்தினேன். வக்கீல் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அது கோர்ட்டுச் சொத்து. கேஸ் முடியற வரைக்கும் வராது. நீங்க கடைசல் பட்டறையில புதுசா ஒண்ணு செஞ்சுக்குங்க குஞ்சிதபாதம்" என்றார்.

அவர் சொன்னது சரி. அதனால் இன்னும் கோபம் வந்தது.

8.2.2018, வியாழன்

புது போல்ட், இரண்டு வளையம், புது ரப்பர். பாய் அளவாக முறுக்கினார், இன்னும் அரைச் சுற்று முறுக்கலாமே என்று நான் சொல்லியும் முறுக்கவில்லை. அறுபதில் ஓட்டினேன். கண்ணாடியில் பின்னால் வந்த பஸ்ஸின் போர்டையே படிக்க முடிந்தது. கொஞ்சம் அதிர்வு இருக்கிறது. அது எஞ்சின் உயிரோடிருக்கிற அதிர்வு என்கிறார் பாய்.

சட்டைப் பட்டனை நானே கழற்றினேன்.

11.2.2018, ஞாயிறு

தையல்நாயகி அக்காவிடம் போனேன். இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டது. சொன்னேன். அன்று கை மரத்திருந்தது, தெரியாமலே சொல்லிவிட்டேன் என்று. அவர் சாணி வாரிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியும். சந்தைக்குப் போயிட்டு வந்தவங்க சொன்னாங்க."

நான் விடாமல் போலீஸ்காரனைப் பற்றி, கம்பியைப் பற்றி, கம்பெனியைப் பற்றி எல்லாம் சொன்னேன். குரல் ஏறிவிட்டது. முழுக்கக் கேட்டார்.

"போல்ட்ட போலீஸ் எடுத்தான், சரி. உங்க வாய எவன் எடுத்தான்? கை மரத்துப்போச்சுக்கா, நாலு நாள் கழிச்சுப் பாக்குறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, என் மாடு என் வாசல்ல நின்னிருக்கும்ல?"

வண்டியைத் தெருமுனை வரைக்கும் உருட்டிக்கொண்டே போய்த்தான் ஸ்டார்ட் செய்தேன்.

14.2.2018

வேலைக்குப் போகவில்லை.

21.3.2018, புதன்

தையல்நாயகி அக்கா ஆளனுப்பியிருந்தார். கிடேரிக்குச் சினை பார்க்க வேண்டுமாம். டிசம்பர் கடைசியில் நான் ஊசி போட்டது. கூப்பிடுவார் என்று நினைக்கவே இல்லை.

போனதும் வேலையைத் தொடங்கவில்லை. வெந்நீர் கேட்டு வாங்கிக் கையை ஊறவைத்து உட்கார்ந்திருந்தேன். அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப எப்படியிருக்கு கை?" என்றார். "நல்லாருக்கு" என்றேன். விரல் ஒவ்வொன்றையும் மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் உறை போட்டேன்.

இருந்தது. தெளிவாக இருந்தது, நீர் நிரம்பிய பை போல வழுக்கிக்கொண்டு.

"சினைதாங்கா. மூணு மாசம் இருக்கும்."

அக்கா கிடேரியின் முதுகைத் தடவிக்கொடுத்தார். "சரி. ஆனாலும் ஆஸ்பத்திரி டாக்டரையும் ஒரு தடவ பாக்கச் சொல்லிக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

இரண்டு மாதத்துக்கு முன்னால் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் வாளியை எட்டி உதைத்திருப்பேன். "பாக்கச் சொல்லுங்கக்கா" என்றேன். அவரிடம் டாக்டரின் நம்பர் இல்லை. நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.