மதில் தாண்டும் புழுக்கள்

ஜூன் 4, வியாழன்

மதிலோரத்து நந்தியாவட்டை மொட்டை. நேற்று மாலை தண்ணீர் ஊற்றும்போது தளதளவென்று இருந்த செடி. காலையில் ஜன்னலைத் திறந்தால் இந்தப் பக்கத்துக் கிளை முழுக்க வெறும் காம்பு. தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டதே அந்த வெள்ளைப் பூவைப் பார்த்துக்கொண்டு தைக்கலாம் என்றுதான். இன்று பூவும் இல்லை, மொட்டும் இல்லை. தரையில் மிளகைக் கொட்டியது போல எச்சம் மட்டும்.

இலையைப் புரட்டினால் கட்டைவிரல் தடிமனுக்குப் பச்சைப் புழு. தலைக்குப் பின்னால் நீலக் கண் மாதிரி இரண்டு பொட்டு, வால் பக்கம் ஒரு கொம்பு. என்னை முறைக்கிறது. என் செடியைத் தின்றுவிட்டு என்னையே!

கிடைத்ததையெல்லாம் இடுக்கியால் எடுத்து பிஸ்கட் டப்பாவில் போட்டேன். "கொல்லாத, பாவம். வாக்கிங் போறப்ப பஸ் ஸ்டாண்டு பின்னாடி காலி மனையில விட்டுடறேன்" என்றார் இவர். இவருக்கு யாரைப் பார்த்தாலும் பாவம்தான். தன்னைக் கேவலப்படுத்தியவர்களைப் பார்த்தாலும்.

ஜூன் 7, ஞாயிறு

தினமும் பொறுக்குகிறேன். தினமும் இருக்கிறது. எங்கிருந்துதான் வருகின்றன?

உரக்கடைக்காரர் வேப்பெண்ணெய் கொடுத்தார். சோப்புத் தண்ணீரில் கலந்து சாயங்காலம் அடித்தால் புழு வாயே வைக்காதாம். "நானே கலந்து தரேன், உனக்கு எதுக்கு அந்த நாத்தம்" என்று இவர் பாட்டிலை வாங்கிக்கொண்டார். குடித்த டம்ளரை எடுத்து வைக்காத மனிதர்! செடி மேல் திடீர் அக்கறை.

ஜூன் 10, புதன்

மூன்று சாயங்காலம் அடித்தாயிற்று. புழுக்கள் குளித்துவிட்டு இன்னும் தெம்பாக இருக்கின்றன.

கடைக்கே போய்விட்டேன். "வேப்பெண்ணெய்னு சொல்லி என்னத்தக் குடுத்தீங்க?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். அவர் நிதானமாக, "அம்மா, நம்ம எண்ணெய் அடிச்சா கை ரெண்டு நாளைக்கு நாறும். உங்க கை நாறுதா?" என்றார். பேச்சை மாற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான். அப்படியென்றால் அவர் விற்றது வெறும் தண்ணீர். என்ன நெஞ்சழுத்தம்!

ஜூன் 14, ஞாயிறு

மதிலின் மேல் ஒரு புழு. அடுத்த வீட்டிலிருந்து எங்கள் வீட்டைப் பார்த்து ஊர்கிறது. இப்போது புரிந்துவிட்டது.

அடுத்த வீட்டம்மா என்றால் என் ஓரகத்தி, இவருடைய அண்ணன் மனைவி. "அக்கா" என்று எழுத இப்போது கை வரவில்லை. எட்டு மாதமாகப் பேச்சு இல்லை. உறவுக்காரர் வீட்டு விருந்தில் அத்தனை பேர் முன்னால் இவருடைய அண்ணன், "இவன் கை வச்ச காரியம் எது உருப்பட்டுச்சு?" என்று சிரித்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டு கூடவே சிரித்தார். என்னால் முடியவில்லை. கேட்டுவிட்டேன். அந்தம்மா தன் புருஷனுக்குப் பரிந்துகொண்டு வந்தார். வார்த்தை தடித்தது. இனி நீ யாரோ நான் யாரோ என்றாகிவிட்டது. அண்ணன் தம்பியும் பேசக்கூடாது என்று இரண்டு வீட்டிலும் உத்தரவு.

இந்தச் செடியே நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அந்தம்மா தன் செடியிலிருந்து ஒடித்துக் கொடுத்த கொம்பு. கொடுத்த கையாலேயே புழுவை அள்ளிப் போடுவதா?

ஜூன் 16, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "காத்துல விழுந்திருக்கும்" என்கிறார். காற்றில் பறந்து வர அது என்ன காகிதமா? "விடு, சின்ன விஷயம்" என்கிறார். எல்லாம் சின்ன விஷயம்! நாளை விடிவதற்கு முன்னால் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உட்காரப் போகிறேன். கையும் களவுமாகப் பிடித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். இவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 17, புதன்

பிடித்தேன். கையும் களவுமாக.

அந்தம்மா இல்லை. இவர்! வாக்கிங் செருப்போடு, பிஸ்கட் டப்பாவோடு மதிலோரம் வந்து நின்று இருமினார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் இருமல். இவருடைய அண்ணன், கையில் ஒரு டம்ளரோடு. இவர் டப்பாவைத் திறந்து அந்தம்மா செடியில் புழுக்களை விட்டார். அவர் டம்ளரைச் சாய்த்து என் செடியில் விட்டார். பண்டமாற்று!

"அண்ணே, அவ செடி மொட்டையாயிடுச்சு. பாவம், இதோட நிறுத்திக்கலாமா?"

"புழு இல்லேன்னா எந்தச் சாக்குல வெளிய வருவே? எண்ணெய என்ன பண்ணின?"

"சாக்கடையில ஊத்திட்டேன். பாட்டில்ல தண்ணிதான்."

அப்புறம் இவர் கேட்டார்: "அண்ணிக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

"ஆபரேஷன் பண்ண கண்ணு தெளிவாத்தான் இருக்கு. ஊசியில நூல் கோக்கத்தான் முடியலையாம். உன் பொண்டாட்டி பேரைச் சொல்லல, ஆனா உங்க வீட்டு ஜன்னலைப் பாத்துட்டே நின்னா."

எழுந்துவிட்டேன். என்ன கத்தினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. டப்பா கீழே விழுந்து உருண்டது. சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தார், கறுப்புக் கண்ணாடியோடு. தலை பாதி நரைத்துவிட்டது. எட்டு மாதத்தில் எப்படி? நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவரவர் புருஷனைத்தான் திட்டினோம். அக்கா என்னைவிட நன்றாகத் திட்டினார்.

ஜூன் 18, வியாழன்

இவரோடு பேசவில்லை. சோறு மட்டும் எடுத்து வைத்தேன்.

மூன்று மாதமாக இப்படிச் சந்திக்கிறார்களாம், புழு வருவதற்கு முன்னால் வேறு வேறு சாக்கில். யாருக்காக நான் சண்டை போட்டேன்? இவருக்கு ஒரு அவமானம் என்றுதானே! இவர் அதை என்றைக்கோ துடைத்துப் போட்டுவிட்டு அண்ணனோடு கதை பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் பார்க்காமல் தைத்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குக் கண் ஆபரேஷன். பத்தடி தூரத்தில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும்! ஏங்க, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சொல்லியிருந்தா நான் மதிலேறிக் குதிச்சாவது போயிருக்க மாட்டேனா?

"சொன்னா நீ கோபப்படுவேன்னு..." என்றார். இப்போது மட்டும் என்னவாம்.

ஜூன் 19, வெள்ளி

உரக்கடைக்கு இவரை அனுப்பினேன், மன்னிப்புக் கேட்க. புது பாட்டிலோடு வந்தார். இந்த முறை நானே கலந்தேன். கை நாறுகிறது.

ஜூன் 21, ஞாயிறு

விடிந்தும் விடியாமல் டப்பாவை நானே எடுத்துக்கொண்டு போனேன். அக்கா முன்னாடியே மதிலோரம் நின்றிருந்தார். கையில் ஊசியும் நூலும். என்னிடம் நீட்டினார். கோத்துக் கொடுத்தேன். என் கையை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"வேப்பெண்ணெயா? எனக்கும் கொஞ்சம் கொண்டா. என் செடியில இருக்கறதெல்லாம் உன் வீட்டுப் புழுதான்."

"உங்க வீட்டுப் புழுதான் அக்கா என் செடிய மொட்டையடிச்சுது."

அப்படியே சண்டை போட்டுக்கொண்டு நின்றோம், வெயில் ஏறும்வரை. மொட்டைக் காம்பில் துளிர் விட்டிருப்பதை அக்காதான் முதலில் பார்த்தார்.

அந்த வீட்டிலிருந்து "டீ என்னாச்சு?" என்று குரல் வந்தது. இந்த வீட்டிலிருந்து இவர், "சர்க்கரை டப்பா எங்க இருக்கு?" என்று கத்தினார். எனக்குத் தெரியும், அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பின்னால். சொல்லவில்லை. மூன்று மாதம் என்னிடம் சொல்லாமல் இருந்தவர்தானே, தேடட்டும்.