கரோல் பாடாத வீடு

டிசம்பர் 22, இரவு

கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் இன்று கோயில் பாடகர் குழுவாகக் கரோல் பாடப் போனோம். ஸ்டெல்லா அக்காவின் வீடு நெருங்கியதும் கிட்டாரை நிறுத்தச் சொன்னேன். அவருடைய கணவர் இறந்து இன்னும் ஒரு வருஷமாகவில்லை. துக்க வீட்டில் கரோல் பாடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். சத்தமில்லாமல் கடந்துபோனோம்.

திரும்பி வரும்போது அக்கா கேற்றடியில் நின்றார்.

"உங்களுக்கெண்டு கேக் வெட்டி வச்சனான் தம்பி. அவர் இல்லாத வீட்டுக்கு இயேசு பாலன் வரமாட்டாரோ?"

கோபமாகக் கேட்கவில்லை. அப்போதாவது பாடியிருக்கலாம். கேக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் சாப்பிடவில்லை.

நாளை மறுநாள் நத்தார் நள்ளிரவு ஆராதனை. எல்லாருக்கும் மகிழ்ச்சி என்று நான்தான் பாட்டைத் தொடங்க வேண்டும். அக்கா எப்போதும் கோயிலில் முன் வரிசை வாங்கில்தான் இருப்பார்.